வாசகர் கேள்வி பதில்: பழக்கழிவு போட்ட பிறகு பயோகாஸ் அடுப்பு பத்தல்ல!

கேள்வி: அண்ணா, எங்கட வீட்டில நாலு மாடு, ரெண்டு வருசமா பயோகாஸ் தாங்கி வச்சு, சாணி மட்டும் போட்டு வாற காஸில சமைச்சு வந்தம். தம்பிக்கு திருகோணமலை டவுணில பழக்கடை, அழுகின மாம்பழம், அன்னாசித்தோல், பப்பாசி எல்லாம் வீணாத்தானே போகுது எண்டு போன கிழமை மூண்டு சாக்கு ஒரேயடியா கொட்டிட்டம். முதல் ரெண்டு நாள் காஸ் கூட வந்த மாதிரி இருந்திச்சு, இப்ப பத்த வச்சா பிடிக்குதே இல்ல, வெளிய வாற கரைசலும் புளிச்ச மணம். தாங்கி பழுதாப் போச்சா?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: தாங்கி பழுதாகல்ல தங்கச்சி, உள்ளுக்க புளிச்சுப் போச்சு, அவ்வளவுதான். தாங்கிக்குள்ள ரெண்டு கூட்டம் கிருமி வேலை செய்யுது. ஒண்டு போடுறத உடைச்சு அமிலமாக்கும், மற்றது அந்த அமிலத்தத் திண்டு மீதேன், அதாவது அடுப்பில எரியிற காஸ், தரும். முதல் கூட்டம் சரியான வேகம், ரெண்டாவது மெதுவா பெருகிற சாதி. பழத்தில சீனி கூட, அதால மூண்டு சாக்கையும் ஒண்டாக் கொட்டினதும் அமிலம் குவிஞ்சு மற்றக் கூட்டம் படுத்திட்டுது. நீங்க பார்த்த அந்தக் கூடின காஸ் பெரும்பாலும் கரியமில வாயுதான், அது எரியாது.

இப்ப செய்ய வேண்டியது, பழம் போடுறத முழுசா நிப்பாட்டுங்க. ரெண்டு கிழமைக்குக் கிட்ட சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து, அதுவும் வழமையில பாதி அளவு மட்டும் விடுங்க. பக்கத்தில நல்லா எரியிற தாங்கி யாரிட்டயாவது இருந்தா அதில இருந்து நாலஞ்சு வாளி கரைசல் வாங்கி ஊத்தினா இன்னும் கெதியாத் தேறும், விறகுச் சாம்பல் கொஞ்சம் கரைச்சு விட்டாலும் புளிப்பு குறையும். புளிப்பு அளக்கிற பீஎச் பேப்பர் வாங்கி வச்சிருங்க, கரைசலில தொட்டுப் பார்த்தா, 6.8க்கும் 7.5க்கும் இடையில நிண்டா நல்லம், 6.5க்குக் கீழ போனா மீதேன் கிருமி படுத்திடும். காஸ் வருதா எண்டு தாங்கி வாயில நெருப்புக் காட்டிப் பார்க்கவே கூடாது, அடுப்பில மட்டும் பாருங்க. உள்ளுக்க இறங்கவும் வேணாம், அந்தக் காத்தில ஆள் மயங்கிச் சாகும், தயவுசெய்து பிள்ளையளையும் கிட்ட விடாதீங்க.

ஆனா பழத்த வேணாம் எண்டு விட்டுடாதீங்க. மாடு சத்தை எடுத்திட்டுத்தானே சாணியா விடுது, அதால கிலோவுக்குக் கிலோ பார்த்தா பழத்தில தான் காஸ் கூட. ஒரு கிலோ சாணிக்கு கிட்டத்தட்ட 40 லீட்டர்தான், நாளுக்கு 20 கிலோ போட்டா ஒரு அடுப்பு ரெண்டு மணித்தியாலம் எரியும். 2022ல சிலிண்டருக்கு விடியப்புறமே லைனில நிண்டத நினைச்சா அந்த ரெண்டு மணித்தியாலத்திட பெறுமதி விளங்கும், அதுக்கு மேல பழத்தால வாறதும் சேர்ந்தா சின்ன விசயமே இல்ல. தாங்கி தேறின பிறகு நாலு வாளி சாணிக்கு அரை வாளி பழத்தில துவங்கி, கிழமைக்குக் கிழமை பார்த்துப் பார்த்து ஒரு வாளி வரைக்கும் ஏத்துங்க. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் போடுறதுதான் முக்கியம், சாக்குக் கணக்கில வேணாம். சின்னனா வெட்டிப் போடுங்க, மாங்கொட்டையை எடுத்திடுங்க, அது கரையாம அடியில கிடந்து இடத்தப் பிடிக்கும். தேசிக்காய், தோடம்பழத் தோல் அதிகமாப் போகக் கூடாது, அந்தத் தோல் எண்ணெய் கிருமிக்கு ஆகாது. மாட்டுக்கு வருத்தம் எண்டு ஊசி போட்டிருந்தா அந்த நாட்களில அதிட சாணியையும் ஒதுக்குங்க.

கேள்வி: எங்கட கிணறு உப்புத் தண்ணி, தாங்கிக்கு விடலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: லேசான உவர் எண்டா பிரச்சினை இல்ல. வாயில வைக்க முடியாத உப்பு எண்டா கிருமி சோர்ந்து காஸ் குறையும். மாரி மழைத் தண்ணியப் பிடிச்சு வைக்கலாம், இல்லாட்டி வத்தகப்பழக் கழிவு கிடைக்கிற நேரம் அதை மசிச்சு சாணியோட கொஞ்சமாக் கலவுங்க, அதில பத்தில ஒன்பது பங்கு தண்ணிதான், அந்தளவுக்குக் கிணத்துத் தண்ணியக் குறைக்கலாம்.