ஆண்டுக்கு எத்தனை நாவல்? வாசிப்பு இலக்கும் செவ்வியல் நாவல்களும்: கேள்வி பதில்

செவ்வியல் நாவல்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்து வருகிறேன் என்பதைத் தவிர, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. நண்பர்கள் அனுப்பியவற்றுள் ஒரே பொருளுடைய கேள்விகளைச் சேர்த்து, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் திருப்பங்களை இயன்றவரை வெளியிடவில்லை. ஓரிரு இடங்களில் வேறு வழியில்லை.

கேள்வி: ஒவ்வொரு புத்தாண்டிலும் ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைக்கிறேன். ஏப்ரலுக்குள் நின்றுவிடுகிறது. எத்தனை என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்?

பதில்: எண்ணிக்கையைக் குறைப்பதால் இது தீராது. எதை எண்ணுகிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும். ஓர் ஆண்டு நான் வாரத்துக்கு ஒன்று வீதம் 52 புத்தகம் என்று வைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டையும் முடித்தும் காட்டினேன். செப்டம்பருக்குப் பிறகு நான் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தலைப்பையும் ஆசிரியரையும் பார்ப்பதற்கு முன் தடிமனைப் பார்த்தேன். 150 பக்கத்துக்கு மேல் இருந்தால் அடுக்கிலேயே திரும்ப வைத்தேன். மறு ஆண்டு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, பதினோரு தலைப்புகளுக்குக் கதை எங்கே நடந்தது என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. புத்தகங்களை எண்ணத் தொடங்கினால் பெரிய நாவல்தான் முதலில் அடிபடும்.

ஆகவே பக்கத்தையும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 20 பக்கம் என்பது பெரும்பாலோருக்கு முக்கால் மணி நேர வேலை. ஆண்டுக்கு 365 நாள் என்று கணக்கிடாதீர்கள். காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி, காரணமே இல்லாத சோம்பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 65 நாட்களை முன்கூட்டியே தள்ளிவிடுங்கள். மீதமுள்ள 300 நாளில் 6,000 பக்கம் கையிருப்பு. அதை முந்நூறு பக்க நாவல்களாகச் செலவிட்டால் இருபது வரும். ஆயிரத்து இருநூறு பக்கப் பெருநாவல்கள் இரண்டை எடுத்துக்கொண்டாலும், முந்நூறு பக்க நாவல்கள் பன்னிரண்டுக்கு இடம் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கில் தடித்த புத்தகம் உங்களுக்கு எதிரியாக நிற்காது.

கேள்வி: டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கைவிட்டேன். வேலைக்குப் போகிறவர் ஓர் ஆண்டுக்குள் அதை முடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அந்த நாவலில் 361 அத்தியாயங்கள் இருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை சில பக்கங்களே கொண்டவை. ஜனவரி முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசித்தால் டிசம்பர் 27 அன்று முடிந்துவிடும். ஆனால் கைவிடுவதற்குக் காரணம் நீளம் என்று நான் நினைக்கவில்லை. 1805ஆம் ஆண்டு ஜூலை மாதத்து விருந்தொன்றில் கதை தொடங்குகிறது. வரவேற்பறைக்குள் நுழைந்த கையோடு ஒருவர் பின் ஒருவராகப் பெயர்கள் வந்து விழுகின்றன. யார் முக்கியம், யார் வந்து போகிறவர் என்று அறியாமல் எல்லோரையும் நினைவில் வைக்க முயல்கிற வாசகர் அங்கேயே களைத்துவிடுகிறார்.

இதற்கு ஒரு தாள் போதும். பெசூகவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்னும் ஐந்து குடும்பங்களை மட்டும் எழுதி, அவற்றுக்குக் கீழே பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். இந்த ஐந்துக்குள் வராதவரைப் பற்றி முதல் நூறு பக்கத்தில் கவலைப்பட வேண்டாம். ரஷ்யப் பெயரின் அமைப்பையும் ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்: சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வரும் நடுப்பெயர், குடும்பப் பெயர், இவை தவிர வீட்டார் கூப்பிடும் செல்லப் பெயர். நதாலியா இலினிச்னா ரஸ்தோவா என்று வந்தாலும் நதாஷா என்று வந்தாலும் ஒரே பெண்தான். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவை ரோதியன் ரமானவிச் என்று மரியாதையாக அழைப்பவர்களும், தாயைப்போல ரோத்யா என்று கூப்பிடுபவர்களும் உண்டு. யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே உறவின் நெருக்கம் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். பின்னுரையின் இரண்டாம் பாகமான கடைசி 12 அத்தியாயங்களில் கதைமாந்தர் எவரும் நடமாடமாட்டார்கள். அது வரலாற்றின் இயக்கத்தைப் பற்றிய கட்டுரை. கதை முடிந்தபின் ஒரு வாரம் இடைவெளி விட்டு அதை வாசியுங்கள். நாளுக்கு ஒன்று என்னும் கணக்கை 1812ஆம் ஆண்டுப் போர் தொடங்கும்வரை மட்டுமே உங்களால் காப்பாற்ற முடியும் என்பது என் அனுமானம். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைப்பது கடினம்.

கேள்வி: பாதியில் விட்ட புத்தகத்தை இலக்கில் சேர்க்கலாமா?

பதில்: வாசித்த பக்கங்களைச் சேர்க்கலாம், பக்கக் கணக்கின் வசதியே அதுதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அத்தியாயத்தின் நடுவில் விடாமல் அதன் முடிவில் நிறுத்தி, ஏன் நிறுத்தினீர்கள் என்பதை ஒரு வரியில் தேதியுடன் எழுதிவையுங்கள். மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலை நான் இருமுறை 32ஆம் அத்தியாயத்தில் விட்டிருக்கிறேன். கதை நகர்வதை நிறுத்திவிட்டு, திமிங்கிலங்களை அச்சுப் புத்தக அளவுகளைப்போல ஃபோலியோ, ஆக்டேவோ, டியோடெசிமோ என்று வகை பிரிக்கும் அத்தியாயம் அது. ‘இது பாடப்புத்தகம்’ என்று முதல்முறை எழுதி வைத்திருந்தேன். ஐந்தாண்டு கழித்து அந்த வரியைப் பார்த்தபோதுதான், புத்தக வெறி பிடித்தவன் ஒருவன் கடலையும் நூலகமாகப் பார்க்கிற வேடிக்கை அது என்று உறைத்தது. மூன்றாம் முறை 135 அத்தியாயங்களையும் கடந்தேன்.

கேள்வி: ஒலிப்புத்தகமாகக் கேட்டதை வாசித்ததாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளலாம். உரையாடல் மிகுந்த நாவல்களுக்கு நல்ல குரல் பெரிய துணை. பெயர்கள் மிகுந்த நாவல்களுக்கு மட்டும் அச்சுப் பிரதியும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பெருநாவல்களில் கதைக்குத் தொடர்பில்லாத நீண்ட பகுதிகளைத் தாண்டிப்போவது குற்றமா? விக்தோர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ல்’ நாவலில் வாட்டர்லூ போர் வரும் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பதில்: குற்றமில்லை, ஆனால் தாண்டுகிற இடத்தைப் பார்த்துத் தாண்ட வேண்டும். 1862இல் வெளிவந்த அந்த நாவலின் இரண்டாம் பாகம் வாட்டர்லூவைப் பற்றிய 19 அத்தியாயங்களுடன் தொடங்குகிறது. முதல் பாகத்தின் மனிதர்களை அப்படியே நிறுத்திவிட்டு ஆசிரியர் போர்க்களத்தில் சுற்றுகிறார். அலுத்துப்போய் மொத்தத்தையும் தாண்டிவிடுகிறவர்கள் பத்தொன்பதாம் அத்தியாயத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். அங்கேதான் போர் முடிந்த இரவில், பிணங்களின் மோதிரத்தையும் கடிகாரத்தையும் திருடிக்கொண்டு திரியும் தெனார்தியே, இறந்தவராகக் கருதி ஓர் அதிகாரியைப் பிணக்குவியலிலிருந்து இழுக்கிறான். கண் விழித்த அதிகாரியோ அவனைத் தன் உயிரைக் காத்தவனாக நம்பிவிடுகிறார். இந்தத் தவறான நன்றிக்கடன் பிற்பாடு அவர் மகன்மீது எப்படி விழுகிறது என்பதே நாவலின் பிற்பகுதியில் முக்கியமான முடிச்சு. ஆகவே முதல் பதினெட்டையும் வேகமாகப் புரட்டுங்கள்; பத்தொன்பதாவதை நிதானமாக வாசியுங்கள்.

தற்செயலாக இந்த நாவலின் அத்தியாயங்கள் 365. நாளுக்கு ஒன்று என்று வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்காது.

கேள்வி: மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்களுக்கு முழுப் பதிப்பா, சுருக்கமா என்பது எப்படித் தெரியும்?

பதில்: சில சுருக்கப் பதிப்புகள் அதை அட்டையில் சொல்வதில்லை. மூலத்தின் அத்தியாய எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு, பொருளடக்கத்தோடு ஒப்பிடுவதுதான் எளிய வழி. ‘டான் கிஹோத்தே’ என்றால் 1605ஆம் ஆண்டின் முதல் பாகத்தில் 52, 1615ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தில் 74 இருக்க வேண்டும். தமிழில் முழு நாவல்களாகவே வாசிக்க நமக்கு வாய்ப்பு உண்டு. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தந்தார்; தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம். ஏ. சுசீலா மொழிபெயர்த்தார், டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நா. தர்மராஜன் வழியாகக் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பைச் சோதிக்க முதல் பக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் இருவர் சண்டையிடும் பக்கத்தை எடுத்து உரக்க வாசித்துப் பாருங்கள். கோபம் காதில் விழவில்லை என்றால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.

கேள்வி: எல்லோரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொன்னால் ரசனை இல்லாதவன் என்பார்களோ என்று தயக்கம். எப்படிச் சொல்வது?

பதில்: டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு அவர் தயங்கவில்லை. ஆனால் சொல்வதற்கு முன், எழுபத்தைந்து வயதில் ஷேக்ஸ்பியர் முழுவதையும் மறுபடி வாசித்தார். பிறகு ‘லியர் அரசன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்துக்கொண்டு எங்கெங்கே தமக்கு ஒவ்வவில்லை என்று கட்டுரையில் காட்டினார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை, எனினும் அந்தக் கட்டுரையோடு வாதாட முடிகிறது, ஏனென்றால் அது இடத்தைச் சுட்டுகிறது. ‘போர் அடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அதோடு வாதாட எதுவும் இல்லை.

பாராட்டுக்கும் இதுவே பொருந்தும். ‘அன்னா கரீனினா மனித மனத்தின் ஆழத்தைக் காட்டும் காவியம்’ என்பதை நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம். மாறாக, மாஸ்கோவிலிருந்து திரும்பும் அன்னா ரயிலிலிருந்து இறங்கித் தன் கணவனைப் பார்த்ததும் முதலில் கவனிப்பது அவனுடைய காதுகளை என்று ஒருவர் சொல்லட்டும். தொப்பியின் விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் காதுகள் எத்தனையோ ஆண்டுகளாக அங்கேதான் இருந்திருக்கின்றன. அன்றைக்குத்தான் அவள் கண்ணில் உறுத்துகின்றன. அவள் மனம் மாறிவிட்டதை ஆசிரியர் வேறெங்கும் இத்தனை சுருக்கமாகச் சொல்லவில்லை. அதேபோல ரஸ்கோல்னிகோவ் தன் வாசலிலிருந்து, தான் கொல்ல நினைக்கும் அடகுக்காரியின் வீடுவரை 730 காலடி என்று முன்பே எண்ணி வைத்திருக்கிறான். கோடரியைத் தொங்கவிட மேலங்கிக்குள் தன் கையாலேயே துணிவளையம் தைக்கிறான். அவனைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல விரும்புகிறவர் அந்தத் துணிவளையத்திலிருந்து தொடங்கட்டும்.

பிடிக்கவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போயிற்று என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போது இரண்டில் ஒன்று நடக்கும்: உங்கள் கருத்து உறுதிப்படும், அல்லது தேடப் போன பக்கத்தில் நீங்கள் நினைத்தது இல்லாமலிருக்கும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடந்திருக்கிறது.

கேள்வி: ‘பொன்னியின் செல்வ’னை மறுபடி வாசிக்கிறேன். மறுவாசிப்பை இலக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலையா?

பதில்: முதல் வாசிப்பைவிட அதற்கே அதிக மதிப்புத் தரலாம். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்கச் செய்யும் கொக்கி. ஒரு வாரத்தில் முழுவதையும் விழுங்குகிறவருக்கு அந்தக் கொக்கி ஒவ்வொன்றும் வெறும் தள்ளுவிசையாக மட்டுமே வேலை செய்கிறது. முடிவு தெரிந்தபின் வாசிக்கும்போதுதான், நந்தினி பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் யாரை நோக்கி எறியப்படுகிறது என்று நின்று பார்க்க முடிகிறது. டிக்கன்ஸின் நாவல்களும் இப்படித் தொடர்களாக வந்தவையே. தொடராக வந்த நாவலுக்குத் தொடரைப்போல நிதானமான வேகத்தையே இலக்காக வைத்துப் பாருங்கள். நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

கேள்வி: ஆரம்பகாலத் தமிழ் நாவல்களை வாசிக்க ஆசை. நடையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பதில்: ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் தொடங்குங்கள், 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் வேண்டாம். முதல் தமிழ் நாவல் என்ற மரியாதைக்காக வேதநாயகம் பிள்ளையை முதலில் எடுக்கிறவர்கள், கிளைக்கதைகளும் நீதியுரைகளும் குறுக்கிடும்போது சலித்துவிடுகிறார்கள். அதை நாவலாக எண்ணாமல், ஓயாமல் கதை சொல்லும் பெரியவர் ஒருவரின் பேச்சாக எண்ணி வாசித்தால், ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் பகுதி இன்றும் சுவையாக இருக்கிறது. ராஜம் ஐயர் அப்படியல்லர். 1890களில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்த அவருடைய நாவலில் ஆட்கள் நம் முன்னால் உட்கார்ந்து வம்பு பேசுகிறார்கள். தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வருகிற பக்கங்களில் வாய்விட்டுச் சிரிக்கலாம். பிற்பகுதி வேதாந்தத்துக்குள் போய்விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. இருபத்தாறு வயதில் இறந்துபோனவர் இரண்டாம் நாவலை எழுதியிருந்தால் என்ற ஆதங்கமும் கூடவே வரும்.

கேள்வி: ஆண்டின் பாதி போய்விட்டது. இலக்கில் கால்வாசியும் வரவில்லை. ஓடிப் பிடிப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: ஓடிப் பிடிக்க முயன்றால் நான் செய்ததைப்போலத் தடிமனைப் பார்க்கத் தொடங்குவீர்கள். பின்தங்கிய பக்கங்களைத் தள்ளுபடி செய்துவிட்டு, மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: இந்த ஆண்டுக்கான உங்களுடைய இலக்கு என்ன?

பதில்: ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’. 1871 டிசம்பர் முதல் 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த நாவல் என்பதால், மாதம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, எஞ்சிய நான்கு மாதங்களைத் தமிழ் நாவல்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். இப்போது மூன்றாம் பகுதியில் நிற்கிறேன். வயது முதிர்ந்த கசாபனை அறிவின் மீதுள்ள ஆசையால் மணந்துகொண்ட டோரதியாமீது எனக்குத் தொடக்கத்திலிருந்தே எரிச்சல். தேனிலவுக்குப் போன ரோம் நகரத்தில், தனியறையில் அவள் விம்மி அழுகிற இருபதாம் அத்தியாயத்தில் அது பாதி குறைந்துவிட்டது. கசாபனைப் பற்றிய கருத்தை மட்டும் இப்போது கேட்காதீர்கள். இன்னும் ஐந்து பகுதிகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது.