பழைய கணினியா, மலிவு ரவுட்டரா?

கேள்வி: மல்லாவியில் சிறிய ரியூஷன் நிலையம் நடத்துகிறேன். ஆறு மடிக்கணினிகளும் பிள்ளைகளின் போன்களும் ஒரே சிம் இணைப்பில்தான் ஓடுகின்றன. வீட்டில் கிடக்கும் பழைய கோர் 2 டுவோ கணினியில் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வோல் செய்து தருவதாக ஏ.எல். படிக்கும் மகன் நிற்கிறான். கடைக்காரரோ மலிவான ரவுட்டரே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி

பதில்: கடைக்காரர் சொல்வதை. மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பரவாயில்லை.

நானும் கிளிநொச்சியில் என் கடைக்கு இப்படி ஒரு பெட்டி செய்தவன்தான். இரண்டாவது நெட்வேர்க் கார்ட் தேடிப்பிடித்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மாரி தொடங்கியதும் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருநாள் வவுனியாவில் நிற்கும்போது கடைப்பெடியன் போன் எடுத்தான். "அண்ணை, நெற் இல்லை. திரையில ஏதோ வெள்ளை எழுத்து ஓடுது." திடீரென்று கரண்ட் நின்றதில் ஹார்ட் டிஸ்கில் இருந்த கோப்புகள் குழம்பிவிட்டன. பஸ் பிடித்து வந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அடுத்த மாதம் பவர் சப்ளை செத்தது. கழற்றினால் உள்ளே கருகிய பல்லி!

கரண்ட் கணக்கையும் பாருங்கள். அந்தக் கணினி சும்மா நின்றாலும் 60 வாட் இழுக்கும் என்று வைத்தால், இரவு பகலாக 30 நாளுக்கு 43 யூனிட். ரவுட்டருக்கு 10 வாட் என்றாலும் 7 யூனிட்தான்.

அதைவிட, உங்கள் கணினியில் சிம் போட இடமில்லை. எப்படியும் சிம் ரவுட்டர் ஒன்று வாங்கத்தான் வேண்டும். பிஎஃப்சென்ஸுக்கும் வைஃபைக்கும் அவ்வளவு பொருத்தமில்லை, அதற்கும் தனியாக ஒன்று. ஆறு மடிக்கணினிக்கு மூன்று பெட்டியா?

உள்ளேயிருந்து யாரும் கேட்காத இணைப்பு வெளியிலிருந்து வந்தால் சாதாரண ரவுட்டரே தட்டிவிடும். பிள்ளை வட்ஸப்பில் வந்த கள்ள லிங்கை அமத்தி, கேட்ட பாஸ்வேர்டையும் கொடுத்தால், மகனின் பெட்டியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஃபைபர் இணைப்பு, முப்பது கணினி, சொந்த சேர்வர் உள்ள அலுவலகம் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது, விருந்தினர் வைஃபை (மடிக்கணினிகளோடு சேராத தனி வைஃபை) இருக்கிறதா, டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) மாற்ற முடியுமா என்று கேளுங்கள். போன்களை விருந்தினர் வைஃபையில் விடுங்கள். டிஎன்எஸ்ஸில் 1.1.1.3 கொடுத்தால் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெருமளவு அடைபடும். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் பட்டனை அமத்தியோ பின் எண் கொடுத்தோ வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் வேண்டாம், நிறுத்துங்கள். மிச்சக் காசில் ரவுட்டரின் வோல்டேஜுக்குப் பொருந்தும் சின்ன யூபிஎஸ் வாங்கலாம்.

அப்புறம், அந்தப் பழைய கணினியை விற்றுவிடாதீர்கள். 64 பிட் கணினிதான், பிஎஃப்சென்ஸும் ஓடும், 2015இல் அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸும் ஓடும். மகன் தன் அறையில் வைத்துப் பழகட்டும். ரியூஷன் நேரத்தில் மட்டும் உங்கள் ரவுட்டர் வயரில் கை வைக்க விடாதீர்கள்.