அறிவியல் செல்லுபடியாக இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றை நம்பியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இயற்கை விதிகள் எங்கும் எப்போதும் ஒன்றுபோல இயங்கும் என்று எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சோதனையும் நடக்கிறது. அந்த அனுமானத்தைச் சோதிக்க வழியில்லை. விதிகளை வகுத்துக் காப்பவர் ஒருவர் இருந்தால்தான் அதற்கு அடிப்படை உண்டு. ஆகவே இறைநம்பிக்கை இல்லாமல் அறிவியல் நிற்காது என்கிறது அந்த வாதம்.

'சோதிக்க வழியில்லை' என்ற இடத்தில்தான் இது உடைகிறது. விதிகள் மாறியிருக்கின்றனவா என்பதையே இயற்பியலாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். அதற்கு ஆப்பிரிக்காவின் ஓக்லோ யுரேனியச் சுரங்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1972இல் பிரான்சின் பியர்லாட் யுரேனிய ஆலையில் வழக்கமான பரிசோதனையின்போது ஒரு சின்ன முரண் தெரிந்தது. இயற்கை யுரேனியத்தில், அணு உலையில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235இன் பங்கு 0.720 சதவீதம். அந்த மாதிரியில் 0.717 மட்டுமே இருந்தது. தாது வந்த வழியைத் தேடிப் போனால், காபோன் நாட்டு ஓக்லோவில் முடிந்தது. ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியம்-235இன் பங்கு 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இன்றைய அணு உலை எரிபொருளில் இருக்கும் அளவு அது. நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க, பாறைக்குள் அணுப்பிளவுத் தொடர்வினை தானாகவே தொடங்கியது. சூட்டில் நீர் ஆவியானதும் வினை நிற்கும். நீர் மறுபடி ஊறியதும் தொடங்கும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடிய இயற்கை உலை அது.

அந்த உலை விட்டுச்சென்ற சாம்பலில் நமக்கு வேண்டியது சமாரியம் என்ற தனிமத்தின் ஒரு வகையான சமாரியம்-149. நியூட்ரான்களை அது அபாரமாக விழுங்கும். காரணம், 0.097 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அதற்கு ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது; அதாவது, அந்த ஆற்றலோடு வரும் நியூட்ரான்களை அது மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அணுக்கரு ஈர்ப்பும் மின் விலக்கமும் தத்தம் பங்காக லட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டுகளைத் தந்து, ஏறத்தாழ முழுவதுமாக ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில் மிஞ்சிய எண் இது. அதனால், மின்விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்ணமைப்பு மாறிலி அன்று துளி வேறாக இருந்திருந்தாலும் ஒத்ததிர்வு இடம் பெயர்ந்திருக்கும், சமாரியம் இந்த அளவுக்கு எரிந்திருக்காது. இயற்கைச் சமாரியத்தில் 149இன் பங்கு ஏறக்குறைய 14 சதவீதம். உலை ஓடிய பகுதியின் சில மாதிரிகளில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. 1976இல் ஷ்லியாக்டர் என்ற இயற்பியலாளர் இந்த வழியைக் காட்டினார். 1996இல் தமூர், டைசன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் செய்த கணக்கின்படி, 200 கோடி ஆண்டுகளில் அந்த மாறிலி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மேல் மாறவில்லை.

இதில் சறுக்கும் இடமும் உண்டு. உலையின் வெப்பநிலை, நியூட்ரான்களின் ஆற்றல் பரவல் இரண்டையும் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை நகரும். 2004இல் வேறொரு பரவலைக் கொண்டு கணக்கிட்டவர்களுக்கு மாறிலி சற்று மாறியிருப்பதாக விடை வந்தது. பிறகு உலையின் அமைப்பை விரிவாக மாதிரியாக்கிச் செய்த கணக்குகளில் அந்த மாற்றம் உறுதிப்படவில்லை. விதி மாறியிருக்கலாம் என்று சொன்னவர்களை யாரும் ஒதுக்கவில்லை, அவர்களின் கணக்கைச் சரிபார்த்தார்கள். எனக்கு இந்தச் சர்ச்சை ஓக்லோவின் முடிவைவிட முக்கியமானதாகப் படுகிறது.

'ஓக்லோ கணக்கிலும் வேறு விதிகள் மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறீர்களே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் முற்றிலும் வேறு அனுமானங்களில் நிற்கும் அளவீடுகளும் வேண்டியிருக்கின்றன. குவேசார்கள் எனப்படும், மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களின் நிறமாலைக் கோடுகள் ஒரு வழி. அலுமினிய அயனிக் கடிகாரத்தையும் பாதரச அயனிக் கடிகாரத்தையும் ஏறக்குறைய ஓராண்டு ஒப்பிட்டு, 2008இல் அமெரிக்காவில் வெளியிட்ட முடிவு இன்னொரு வழி: ஆண்டுக்குச் சில 10⁻¹⁷ (ஆயிரம் கோடி கோடியில் சில பங்கு) என்ற அளவுவரை மாறிலியில் நகர்வு எதுவும் தெரியவில்லை.

நாளைக்கும் இப்படியே இருக்கும் என்பதற்குத் தர்க்க ரீதியான நிரூபணம் கிடையாது. தத்துவவாதி ஹியூம் எழுப்பிய அந்தச் சிக்கல் இன்றும் உண்டு. ஆனால் கடவுளைக் கொண்டுவந்தாலும் அது தீராது. நினைத்தபோது விதியை நிறுத்திவைக்க வல்லவர் நாளை அதை மாற்றமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அற்புதங்களை நம்புகிறவர் அந்த உறுதியை நம்மைவிடக் குறைவாகவே கோர முடியும்.

கணக்கின் நடுவே தெய்வத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதை நியூட்டனிடமே பார்க்கலாம். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சேரும் ஒழுங்கின்மை, ஒரு கட்டத்தில் சீரமைக்கப்பட வேண்டியிருக்கும் என்று தன் 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதினார். வியாழன் வேகமெடுப்பதும் சனி தாமதிப்பதும் அன்றைய வானியலாளர்களுக்குப் பெரிய புதிர். வியாழனின் 5 சுற்றுகளும் சனியின் 2 சுற்றுகளும் ஏறக்குறைய ஒரே கால அளவு என்பதால் வரும், ஏறத்தாழ 900 ஆண்டுக் கால ஊசலாட்டம் அது என்று 1785இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ் காட்டினார். அதற்கு நியூட்டனின் ஈர்ப்பு விதியே போதுமானதாக இருந்தது. 'இங்கே தெய்வம் தலையிடுகிறது' என்று அந்தப் புதிரை மூடியிருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை உள்ளவர்கள் நல்ல அறிவியலாளர்களாக இருக்க முடியாது என்று இதற்குப் பொருள் அல்ல. அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர், ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையையும் வலுவற்ற அணுக்கரு விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டுக்கு இருவரும் தனித்தனியே வந்தார்கள். 1979இல் கிளாஷோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1983இல் செர்ன் ஆய்வகம் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடித்தபோது, அவற்றின் நிறை கோட்பாடு சொன்ன அளவோடு பொருந்தியது. யாருடைய நம்பிக்கைக்கும் அந்தச் சமன்பாட்டில் இடம் இல்லை.

கணிதம் சோதனை அறிவியல் அல்ல என்றாலும், தமிழர்கள் இந்த விவாதத்தில் உடனே எடுக்கும் பெயர் ராமானுஜன். சூத்திரங்கள் நாமகிரித் தாயார் அருளியவை என்று அவர் கருதினார். ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதைத் தரும் பிரிவினைச் சூத்திரத்தை அவரும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் 1918இல் வெளியிட்டார்கள். அதில் 200 என்ற எண்ணுக்கு எட்டு உறுப்புகளைக் கூட்டினால் 3972999029388.004 வருகிறது. மக்மஹோன் என்ற கணிதவியலாளர் தனியாகக் கைக்கணக்காகப் போட்ட முழு எண் 3972999029388. அதே ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு அனுப்பிய பகா எண் சூத்திரமோ தவறு. பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய ரீமான் ஸீட்டா சார்புக்குக் கலப்பெண் பூஜ்ஜியங்கள் இருப்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. சூத்திரத்தின் சரி தவறைத் தீர்மானித்தது அது வந்த வழி அல்ல, கணக்குதான்.