ஈசாப்பின் விருந்தில் ஓர் இருக்கை

கேள்வி: பியானோ இசையமைப்பாளர் ஷோபனின் எட்யூட்களை, அதாவது பயிற்சிக்கென எழுதப்பட்ட இசைப் படைப்புகளை, விரும்பிக் கேட்பவள் நான். அவர் காலத்து இசையமைப்பாளர் ஷார்ல் வாலந்தேன் அல்கானின் எட்யூட்களோ வெறும் விரல் வித்தையாகவே தோன்றுகின்றன. அவற்றை எப்படி ரசிப்பது?

பதில்: நீங்கள் அல்கானின் ஓபஸ் 39 (படைப்பு எண் 39) தொகுப்பின் நீண்ட பகுதிகளிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 1857இல் வெளியான அத்தொகுப்பில், மேற்கத்திய இசையின் பன்னிரண்டு மைனர் சுருதிகளுக்கும் ஒவ்வொன்றாக 12 எட்யூட்கள் உள்ளன; அவற்றுள் நான்கு சேர்ந்து பியானோ மட்டுமே வாசிக்கும் ஒரு சிம்பொனியாகவும், மூன்று சேர்ந்து, வழக்கமாகத் தனிவாத்தியத்துடன் இசைக்கும் வாத்தியக் குழுவே இல்லாத ஒரு கான்செர்ட்டோவாகவும் அமைந்திருக்கின்றன. கான்செர்ட்டோவின் முதல் பகுதி மட்டுமே ஏறக்குறைய அரை மணி நேரம் நீள்வதால், அதில் நுழைந்தவர் மிரள்வது இயல்புதான்.

ஆகவே, கடைசி எட்யூடான 'ஈசாப்பின் விருந்'திலிருந்து தொடங்குங்கள். எட்டே பார்கள் (தாள அளவுகள்) கொண்ட எளிய மெட்டு ஒன்று 25 முறை உருமாறுகிறது. முதலில் அந்த மெட்டை முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் பதித்துக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு மாற்றமும் கதையில் புதிதாக நுழையும் ஒரு விலங்கைப் போலத் தெரியும். ஓரிடத்தில் 'குரைப்பதுபோல்' என்றே அல்கான் குறிப்பெழுதியிருக்கிறார். இந்த நகைச்சுவையை ஷோபனிடம் தேடினால் கிடைக்காது.

பாரிஸில் ஷோபனின் அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்த அல்கான், 1848இல் கன்சர்வத்துவார் என்னும் இசைக் கல்லூரியில் எதிர்பார்த்த பதவி கிடைக்காமல் போனபின் நெடுங்காலம் மேடையை விட்டே விலகியிருந்தார். பியானோ கலைஞர் மார்க் ஆந்த்ரே ஹாம்லின் வாசித்த 'ஈசாப்பின் விருந்து' ஒலிப்பதிவைக் கேளுங்கள். வேகத்திலும் மெட்டு மறைவதில்லை.