தகன மேடையில் கறுப்புப் புகை ஏன்?

கேள்வி: எரிவாயு தகன மேடையில் சில சமயம் கறுப்புப் புகை வருகிறதே, ஏன்? பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லச் சொல்கிறார்களே, எதற்கு?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உலையில் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் உடல் எரியும். வெப்பம் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அங்கே கிளம்பும் புகையை இரண்டாம் அறையில் இன்னொரு பர்னர் மறுபடி எரிக்கும். அந்த அறை 850 டிகிரியைத் தொடுமுன் உடலை உள்ளே தள்ளிவிட்டால் கரி எரியாமல் அப்படியே புகைபோக்கி ஏறிவிடும். காலையில் முதல் தகனத்தில் தீச்செங்கல் சுவர் சூடேறியிருக்காது. அவசரப்படுத்தினால் புகை நிச்சயம். புளோயர் காற்று குறைந்தாலும் இதே கதிதான்.

நம் பக்கத்துக் கோடித் துணிகளும் ஒரு காரணம். பருத்தி என்றால் தொல்லையில்லை. பாலியஸ்டரைக் குவித்து அனுப்பினால் முதல் சில நிமிடங்கள் கறுப்பாகத்தான் வரும். கோடி போட்டதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் நார் மாலை, மெத்தை, நெய் டப்பா எதுவும் உள்ளே போகக் கூடாது.

பேஸ்மேக்கரில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. சூட்டில் வெடித்துச் செங்கலைப் பெயர்க்கும். பார்வைத் துளையருகே நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. மருத்துவமனையிலேயே எடுக்கச் சொல்லுங்கள், சிறு கீறல் போதும். ஸ்டென்ட், எலும்புக்கு வைத்த தகடு இருந்தால் கவலையில்லை, சாம்பலிலிருந்து பிரித்துவிடுவார்கள்.

அஸ்தி அன்றே கிடைத்துவிடும், சுமார் 2 முதல் 3 கிலோ. காடாத்து மறுநாள்தான் என்றால், பெயர் எழுதிப் பாதுகாத்து வைக்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள்.