துளை போடாமல் ஸ்கோப்

கேள்வி (ஸ்காபுறோ வாசகர்): மான் வேட்டைக்கென்று போன வருடம் பழைய லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள் ஒன்று வாங்கினேன். ஊரில் பொலிஸ்காரரின் தோளில் பார்த்த அந்த த்ரீ நாட் த்ரீ மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. ரிசீவரின் (போல்ட் ஓடும் உருக்கு உடலின்) இடப்பக்கத்தில் லாங் பிராஞ்ச், 1943 என்று பொறித்திருக்கிறது. போல்ட்டிலும் (ரவையைத் தள்ளிப் பூட்டும் தண்டு) உடலிலும் ஒரே இலக்கம். எனக்கு 58 வயது, குழல் முனையில் குறி பார்க்கும் முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. கடையில் மேலே நாலு துளை போட்டு, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பூட்டித் தருகிறோம் என்கிறார்கள். துளையில்லாமல் வழி உண்டா? நண்பரிடம் ரஷ்ய மோசின்-நாகன்ட் இருக்கிறது, அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: வழி உண்டு, துளை போட விடாதீர்கள். லாங் பிராஞ்ச் ஆலை உங்களுக்குத் தூரத்து இடமில்லை. ஏரிக்கரையைப் பிடித்து மேற்கே போனால் மிசிசாகாவின் லேக்வியூவில்தான் அது இருந்தது, பரிசோதனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். அங்கே 1941 முதல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைபிள்கள் செய்தார்கள், செய்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். அப்படி வந்த ஒன்று 80 வருடம் கழித்தும் இலக்கம் மாறாமல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. துளை விழுந்த அன்றே சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை விழுந்துவிடும். பணம் கிடக்கட்டும், அந்த உருக்கை யாராலும் திரும்ப மூட முடியாது. நான் வாங்கிய முதல் என்ஃபீல்டில் எனக்கு முன் வைத்திருந்தவர் துளை போட்டிருந்தார், முன் துளையும் பின் துளையும் ஒரே கோட்டில் இல்லை, ஸ்கோப்பைக் கடைசித் திருகு வரை திருப்பியும் குறி நடுவுக்கு வரவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறு எரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிசீவரின் இடப்பக்கத்தில் 'டி' (T) என்ற எழுத்தும் திருகு போட்ட இரண்டு தட்டைத் தளங்களும் இருந்தால் எதையும் தொடாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது போர்க்காலத்தில் ஸ்கோப்புக்கென்றே தயாரித்த ரைபிளாக இருக்கலாம். அதற்கு நம்பர் 32 என்ற, மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், அதையும் ரொறன்ரோவின் லீசைடில் செய்தார்கள்.

ஸ்கோப் வாங்குவதற்கு முன் காசில்லாத ஒரு காரியம். உங்கள் பின் சைட் வட்டத் துளை கொண்டது. அதை மடக்கி நிமிர்த்தினால் இரண்டு துளைகள் வரும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நல்ல வெளிச்சத்தில் சிறியதால் பாருங்கள். ஊசித்துளை வழியாகப் பார்த்தால் மங்கலான எழுத்து தெளிவது போல முன் சைட்டும் தெளியும். 50 தாண்டிய பலருக்கு 100 மீட்டருக்கு அதுவே போதும். ஆனால் விடிகாலையிலும் அந்திக்கருக்கலிலும் போதாது, மான் வருவதோ அப்போதுதான்.

சரி, ஸ்கோப்தான் என்றால் நம்பர் 4க்கென்று வரும் துளையில்லா மவுண்டை (ஸ்கோப்பைத் தாங்கும் பிடியை) கேளுங்கள். பின் சைட்டைக் கழற்றிவிட்டு, அதன் அச்சு ஊசி இருந்த துளை வழியாகவே ஒரு திருகைப் போட்டு இறுக்குகிற வகை. முதலில் ரைபிளில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அச்சு ஊசியைக் குறுக்கே ஒரு குட்டி ஊசி பிடித்திருக்கும், அதைத் தட்டி எடுத்த பிறகுதான் பெரியது வரும். சைட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு முளை இருக்கிறது, பாய்ந்து போய்விடும், கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் அமர்த்திப் பிடியுங்கள். கழற்றியதெல்லாம் ஒரு பைக்குள் போய் ரைபிளோடேயே இருக்கட்டும், அதுதான் நாளைக்குப் பழையபடி ஆக்க வழி.

இந்த மவுண்டின் பலவீனமும் அந்த ஒற்றை அச்சுதான். .303இன் உதைக்கு அது அந்த அச்சிலேயே மேலும் கீழும் ஆடப் பார்க்கும். அதனால்தான் முன்பக்கம், ரவைகளைக் கோத்த கிளிப்பைச் செருகும் பாலத்தின் மேல் அழுந்துகிற மாதிரி சிறு திருகுகள் வைத்திருப்பார்கள். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, திருகு இளகாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில், கழற்றக்கூடிய நீலம் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம். பத்து ரவை சுட்டதும் எல்லாத் திருகையும் மறுபடி பாருங்கள். துளையில்லா மவுண்ட் உதவாது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாதவர்கள் என்பது என் அனுபவம்.

இறுக்குவதற்கு முன்பே போல்ட் முழுதாக வெளியே வருகிறதா என்று பாருங்கள், சில மவுண்டுகள் மறிக்கும். ஸ்கோப் மேலே உட்கார்ந்தால் ஐந்து ரவைக் கிளிப்பை இனிச் செருக முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அப்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் மாட்டினால் காட்டுக்குள் சிக்கிக்கொண்டு நிற்பீர்கள். கன்னமும் எட்டாது, ஏனென்றால் ரைபிளின் பின்மரம் தாழ்ந்த சைட்டுக்காகச் செதுக்கியது. இராணுவ ஸ்கோப் ரைபிளுக்கு மரக்கட்டை ஒன்றைத் திருகிப் பூட்டினார்கள், நீங்கள் கயிற்றால் கட்டும் தோல் மெத்தை வாங்குங்கள், மரத்திலும் துளை வேண்டாமே. இரண்டிலிருந்து நாலு மடங்குக்குள் எடை குறைந்த ஸ்கோப் போதும். 25 மீட்டரில் பெரிய தாளில் தொடங்கி, குறிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே விழும்படி வைத்துக்கொண்டு 100க்குப் போங்கள்.

உங்கள் ரைபிளின் முன்மரத்தை யாராவது ஏற்கெனவே வெட்டி, ரிசீவரிலும் துளை போட்டிருந்தால் இதெல்லாம் வேண்டாம், அந்தத் துளையிலேயே பூட்டிவிடலாம்.

அப்புறம் மோசின். அதன் போல்ட் கைப்பிடி நேராக நிற்கும், திறக்கும்போது மேலே எழும்பி ஸ்கோப்பில் இடிக்கும். ரஷ்யர்கள் தங்கள் ஸ்கோப் ரைபிள்களுக்குக் கைப்பிடியை நீட்டி வளைத்தது அதற்குத்தான். நண்பர் பின் சைட்டின் ஊசியைத் தட்டி எடுத்து, அந்த இடத்தில் உட்காரும் மவுண்டை வாங்கட்டும். ஸ்கோப் கண்ணிலிருந்து வெகுதூரம் முன்னால் போவதால் அதற்கென்று வரும் நீண்ட கண்தூர ஸ்கோப்தான் வேண்டும், சாதாரணமானதில் கறுப்பு வட்டம்தான் தெரியும். ஜேர்மனியர்களும் போரில் இதே இடத்தில் ஒன்றரை மடங்கு ஸ்கோப் வைத்தார்கள். கிளிப் செருக வழி திறந்தே இருக்கும் என்பது இதில் லாபம். ஆனால் மவுண்ட் குழலின் மேலேயே இருப்பதால் அந்தச் சூடு அதற்கும் ஏறும். குறி சரிபார்க்கும் நாளில் ஐந்து சுட்டதும் குழலை ஆறவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும் என்று சொல்லுங்கள்.