கணினியில் முழங்கிய பாட்டு மைதானத்தில் ஏன் தேய்ந்தது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கீபோர்டு வாசிப்பேன், ட்ரினிட்டி தியரித் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன். சுதந்திர தினத்துக்காக ஒரு பள்ளியின் அணிவகுப்பு பேண்டுக்கு பாரதியார் பாடல் ஒன்றை அரேஞ்ச் செய்து, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தேன். கணினியில் பிரமாதமாகக் கேட்டது. மைதானத்தில் 38 பிள்ளைகள் நடந்துகொண்டே வாசித்தபோது மெட்டே காதில் விழவில்லை. நல்ல பேண்ட் அரேஞ்சராக நான் இன்னும் என்ன படிக்க வேண்டும்? (நோட்டேஷனை இணைத்திருக்கிறேன்.)

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

தாங்கள் அனுப்பிய நோட்டேஷனை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தியரியில் பிழை இல்லை. ஆனால் அது கணினிக்குள் இருக்கும் வாத்தியக்காரர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு மூச்சு வாங்காது, உதடு வலிக்காது, காலில் ஷூ கடிக்காது. அவர்களுடைய ஒலி நல்ல அறையில் பதிவானது. மைதானத்தில் ஒலியைத் திருப்பித் தரச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பல்லவியைத் தாங்கள் புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயியில் தனியாக விட்டிருக்கிறீர்கள். வெட்டவெளியில் முதலில் கரைந்துபோவது அந்த ஒலிதான். அதற்கடியில் ட்ரோம்போன், யூஃபோனியம் என்ற கனத்த குரல் பித்தளை வாத்தியங்கள் நெருக்கமான ஸ்வரக்கட்டுகளைப் பிடித்திருப்பதால், தூரத்தில் நிற்பவருக்கு வெறும் உறுமல்தான் கேட்டிருக்கும். மெட்டைக் கிளாரினெட்டுக்கும் கார்னெட்டுக்கும் (ட்ரம்பெட் போன்ற சிறு பித்தளைக் குழல்) சேர்த்துக் கொடுங்கள். புல்லாங்குழல் அதையே ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கட்டும். கீழே இருக்கும் ஸ்வரங்களை நெருக்காமல், இடைவெளி விட்டு எழுதுங்கள்.

அடுத்தது கட்டை, அதாவது சுருதி. தாங்கள் பாடலை இரண்டு கட்டையில், அதாவது டி மேஜரில் எழுதியிருக்கிறீர்கள். நானும் பள்ளி பேண்டுக்கு எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் இதையேதான் செய்தேன், பாட்டு டீச்சருக்கு அந்தச் சுருதி வசதியாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. ஒத்திகையில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்த சிறுமி எதுவும் பேசவில்லை. தன் தாளை என் பக்கம் திருப்பி, வரிசையாக நின்ற ஐந்து ஷார்ப்புகளின் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறிகள்) மேல் விரலை வைத்துக் காட்டினாள். பேண்ட் வாத்தியங்கள் பலவற்றுக்குத் தாளில் எழுதும் ஸ்வரம் வேறு, ஒலிக்கும் ஸ்வரம் வேறு. அதனால் டி மேஜரில் எழுதினால் கிளாரினெட், கார்னெட் போன்ற பி ஃபிளாட் வாத்தியங்களுக்கு நான்கு ஷார்ப், ஆல்டோ சாக்ஸஃபோன் போன்ற ஈ ஃபிளாட் வாத்தியங்களுக்கு ஐந்து. அதே பாட்டை ஆறரைக் கட்டைக்கு, அதாவது பி ஃபிளாட்டுக்கு மாற்றினால், கிளாரினெட்டுக்கும் கார்னெட்டுக்கும் ஒரு ஷார்ப்பும் கிடையாது, சாக்ஸஃபோனுக்கு ஒன்றே ஒன்று. பேண்ட் உலகம் பி ஃபிளாட்டையும் ஈ ஃபிளாட்டையும் சுற்றியே இருப்பது இதனால்தான். கணினி எந்தக் கட்டையிலும் முகம் சுளிக்காது என்பதால் இந்தச் சிரமம் தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அதைவிட முக்கியமானது, பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பது. விரைவு நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. அதாவது ஓர் அடிக்கு அரை விநாடி. பேஸ் டிரம்மின் பலத்த அடியில் இடது கால் விழ வேண்டும். எனவே எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளப் பாடல்கள் தாமாகவே அணிவகுப்பில் பொருந்திவிடும்; திஸ்ர நடையும் ஆறு-எட்டு மார்ச்சாக அழகாக வரும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவை எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று அப்படியே எழுதினால், முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) இடது காலில் தொடங்கும், அடுத்தது வலது காலில். பின்வரிசைச் சிறுவன் தான்தான் தவறு செய்கிறோம் என்று நினைத்துக் காலை மாற்றுவான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர் மாற்றுவார்கள். ஒலியின் வேகத்தையும் மறந்துவிடக் கூடாது. அது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 34 மீட்டர் விலகி நிற்பவரின் ஒலி பத்தில் ஒரு விநாடி பிந்தி வரும். அரை விநாடி அடியில் அது ஐந்தில் ஒரு பங்கு. தாங்கள் சரணத்தில் இடது ஓரத்துக் கார்னெட்டும் வலது ஓரத்து ட்ரோம்போனும் மாறி மாறிப் பதில் சொல்வதுபோல் எழுதியிருக்கும் இடம், தாளில் அழகு, மைதானத்தில் சிதறல். அந்தக் கேள்வி-பதிலைப் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொடுங்கள்.

உதட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கார்னெட்டுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் இடத்திலும் ஓய்வு இல்லை. கடைசி வரியில்தான் உச்ச ஸ்வரமும் வைத்திருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைத்தாளின் ஐந்து கோடுகளில் மேல்கோட்டைத் தாண்டாமல் எழுதுவதும், அனுபல்லவியைக் கிளாரினெட்டிடம் விட்டு அவர்களை மூச்சுவிடச் செய்வதும் நல்லது. மூன்றாம் கிளாரினெட்டுக்கு ஒரே ஸ்வரத்தை முழுப் பாட்டுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைதான் அங்கே நிற்பான் என்பது உண்மையே. ஆனாலும் வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்ட அவனுக்கும் நான்கு ஸ்வர மெட்டு ஒன்று வேண்டாமா? ஓர் அரேஞ்சரின் தரத்தை நான் முதல் பார்ட்டை வைத்து எடைபோடுவதில்லை, மூன்றாம் பார்ட்டை வைத்துத்தான்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கண்டிப்பு தேவை. முத்துசுவாமி தீட்சிதர், கும்பினியாரின் (கிழக்கிந்தியக் கம்பெனி) பேண்டில் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள் செய்தார். அவை பேண்டில் இன்றும் இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம், சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அங்கே பெரும்பாலும் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) இல்லாமல் நேராக நிற்பதுதான். தாங்கள் செய்வது அதற்கு எதிர்த்திசைப் பயணம். மோகனமும் ஹம்சத்வனியும் வால்வு வாத்தியத்தில் தாங்கும். கமகத்தையே உயிராகக் கொண்ட தோடியை அதில் ஏற்றினால் ராகமே அடையாளம் தெரியாமல் போய்விடும். இன்னொன்று: பாரதியின் எழுத்து பொதுவுடைமை, ஆனால் பேண்டில் சொல் இல்லை, மெட்டு மட்டுமே உண்டு. அந்த மெட்டு ஒரு திரைப்பட இசையமைப்பாளருடையதாக இருந்தால் அதன் உரிமை தனி. பள்ளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்தாம் கிரேடு தியரி இப்போதைக்குப் போதும். ஒரு கார்னெட்டை மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து, மோசமாகவாவது வாசித்துப் பழகுங்கள். தாங்கள் இருப்பது அல்சூர். ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. படை பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர் யாரேனும் கிடைத்தால், தங்கள் நோட்டேஷனை அவரிடம் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சவுக்கில் நடக்கும் பாசறை திரும்பும் (பீட்டிங் ரிட்ரீட்) நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, மெட்டை விட்டுவிட்டு, பேண்ட் திரும்பும் இடங்களில் எந்த வாத்தியம் ஓய்ந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.

அடுத்த ஒத்திகைக்கு முழுப் பாட்டையும் கொண்டுபோக வேண்டாம். பல்லவியின் நான்கு ஆவர்த்தனம் போதும். வாத்தியத்தின் சிறு பிடியில் செருகும் அட்டைக்குள் அடங்கும் அளவில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். அவர்கள் நடக்கத் தொடங்கியதும் தாங்கள் முன்னால் நிற்காமல், மூன்றாம் கிளாரினெட் வரிசைக்குப் பின்னால் கூடவே நடந்து வாருங்கள். கையில் பென்சிலும் ரப்பரும் இருக்கட்டும்.